எழுதி வாங்கிய தாள் பாதுகாப்பு ஆணை ஆகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மனைவியைக் கணவன் வெட்டினான் என்று வரும் செய்திகளின் கடைசிப் பத்தியில் பல நேரம் இப்படி ஒரு வரி இருக்கும்: ஏற்கெனவே மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப்பட்டது, போலீசார் இருவரையும் கூப்பிட்டுப் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். படிப்பவருக்குச் சட்டத்தால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது போலத் தோன்றும். அது தவறு. ஸ்டேஷனில் எழுதி வாங்குவது சமாதானப் பேச்சின் குறிப்பு, அவ்வளவுதான். "இனிமேல் குடிக்க மாட்டேன், கை நீட்ட மாட்டேன்" என்று கையெழுத்துப் போட்டவன் மறுநாளே மீறினாலும், மீறியதற்கென்று தனியாக ஒரு தண்டனை கிடையாது. புதிதாக அடித்ததற்குப் புதிதாகப் புகார் கொடுக்க வேண்டும். மறுபடி புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது, மறுபடி பேச்சு, மறுபடி ஒரு தாள்.

நீதிமன்றம் தரும் பாதுகாப்பு ஆணை அப்படியல்ல. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. கோர்ட் வளாகத்தில் யாரும் இத்தனை நீளமாகச் சொல்வதில்லை, ‘டி.வி. ஆக்ட்’ என்றால் போதும். அதன் 18-ஆம் பிரிவில் வாங்கும் ஆணையை மீறுவதே ஒரு குற்றம். அடித்திருக்க வேண்டியதில்லை, போகக் கூடாது என்று சொன்ன வாசலில் போய் நின்றாலே போதும். 31-ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம், ஸ்டேஷன் ஜாமீனில் விடக்கூடியதும் அல்ல. பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியத்தை மட்டுமே வைத்து நீதிமன்றம் முடிவுக்கு வரலாம் என்று 32-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. இத்தனை வலு உள்ள ஆணை பல வீடுகளில் பீரோ அடித்தட்டில் கிடக்கும் காகிதமாகிப் போவது ஏன்? பெரும்பாலும் அதைக் கேட்ட விதத்தில்தான் கோளாறு. அதற்கடுத்து, அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராததில்.

யார் கேட்கலாம் என்பதில் இன்னும் குழப்பம் இருக்கிறது. மனைவி மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே வீட்டில் எப்போதாவது சேர்ந்து வாழ்ந்த மகள், சகோதரி, பென்ஷன் பணத்துக்காக மகனிடம் அடிவாங்கும் தாய், கணவனை இழந்த மருமகள், திருமணத்தை ஒத்த உறவில் இருந்தவர் என எல்லாரும் இதில் வருகிறார்கள். வன்முறை என்பதும் அடிஉதை மட்டுமல்ல. பாலியல் கொடுமை, வசவு, அவமானப்படுத்துவது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, செலவுக்குப் பணம் தராமல் இருப்பது எல்லாமே 3-ஆம் பிரிவில் இருக்கின்றன. எதிர்மனுதாரர், அதாவது யார்மீது மனு போடுகிறோமோ அவர், ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற வரம்பை உச்ச நீதிமன்றம் 2016 அக்டோபரில் நீக்கிவிட்டது. மாமியார், நாத்தனார் மீதும் போடலாம். ஆனால் போடலாம் என்பதற்காக எல்லாரையும் போடுவதுதான் முதல் தவறு. வெளியூரில் குடித்தனம் நடத்தும் நாத்தனார், அவர் கணவர், கல்யாணத்தை முடித்துவைத்த பெரியப்பா என்று பதினொரு பேரைச் சேர்த்தால், அவர்களில் ஒருவர் உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கிவிடுவார். ஒருவருக்கு வாங்கிய தடையால் மொத்த மனுவும் மாதக்கணக்கில் நிற்கும். அடித்தவர், அடிக்கச் சொன்னவர், வீட்டைப் பூட்டியவர்: இவர்கள் மட்டும் போதும்.

எங்கே கொடுப்பது? "கல்யாணமாகிப் போன ஊரில் கொடும்மா" என்று திருப்பி அனுப்புவது இன்றும் நடக்கிறது. 27-ஆம் பிரிவில் அப்படி இல்லை. பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடம், வேலை பார்க்கும் இடம், எதிர்மனுதாரர் இருக்கும் இடம், சம்பவம் நடந்த இடம், இவற்றில் எந்த எல்லைக்குட்பட்ட மாஜிஸ்திரேட்டிடமும் கொடுக்கலாம். அம்மா வீட்டுக்கு வந்த மறுநாளே அந்த ஊரில் மனு போடலாம். எங்கே வாங்கினாலும் ஆணை இந்தியா முழுக்கச் செல்லும். காலம் கடந்துவிட்டது என்ற பதிலையும் ஏற்க வேண்டியதில்லை. இந்தச் சட்டத்தில் நிவாரணம் கேட்டுப் போடும் 12-ஆம் பிரிவு மனுவுக்கு ஓராண்டுக் காலவரம்பு என்று சென்னை உயர் நீதிமன்றம் கொண்டிருந்த கருத்தை உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் ஏற்கவில்லை.

இந்தச் சட்டத்தின் கீழ் பெண்களுக்கு உதவ அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலர் இருப்பது மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், சமூக நலத் துறையில். அங்கே போனால் படிவம் 1-இல் வீட்டு நிகழ்வு அறிக்கை எழுதுவார். ‘டி.ஐ.ஆர்.’ என்று சொல்லப்படுவது இதுதான். இதற்குக் காசு கிடையாது. சம்பவங்களைத் தேதி, இடம், யார் செய்தது, என்ன காயம் என்ற வரிசையில் ஒரு தாளில் முன்கூட்டியே எழுதிக்கொண்டு போனால் அறிக்கை தெளிவாக வரும். "அடிக்கடி அடிப்பார்" என்பதைவிட, "தை மாதம் பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் இரவு, சமையலறையில், இடது மணிக்கட்டில்" என்பது வழக்கைத் தாங்கும். சரியான தேதி நினைவில் இல்லாவிட்டால் பண்டிகையையோ பிள்ளையின் பரீட்சையையோ சொல்லுங்கள், கற்பனையாகத் தேதி போடாதீர்கள். குறுக்கு விசாரணையில் முதலில் உடைவது அதுதான்.

அந்த அலுவலர் வெளியூர் போயிருந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டு நிகழ்வு அறிக்கை இல்லாமலும் மாஜிஸ்திரேட் ஆணை பிறப்பிக்கலாம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. படிவம் 2-இல் மனுவை நேரே தாக்கல் செய்யலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்பதும் தடையல்ல. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் வக்கீல் தருவார்கள். நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், தொலைபேசி எண் 15100.

இனி, நிறைய மனுக்கள் கவிழும் இடம். மனு போட்ட அன்றே, எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால ஆணை தர 23-ஆம் பிரிவு மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஆனால் அதற்குப் படிவம் 3-இல் பிரமாணப் பத்திரம் வேண்டும். மூல மனுவை மட்டும் தாக்கல் செய்துவிட்டு, "இடைக்கால நிவாரணமும் வழங்க வேண்டும்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தால், நீதிமன்றம் "நோட்டீஸ்" என்று எழுதி வாய்தா போடும். அந்தப் பெண் இன்னும் அதே வீட்டில் இருக்கிறார், நோட்டீஸ் அதே வீட்டு வாசலுக்கு வருகிறது. அன்று இரவு என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. தனி இடைக்கால மனு, தனிப் பிரமாணப் பத்திரம், அதில் ஏன் நோட்டீசுக்குக் காத்திருக்க முடியாது என்று குறிப்பாக இரண்டு பத்தி இருக்க வேண்டும். கடைசியாக மிரட்டியது எப்போது, என்ன சொன்னான், வீட்டில் அரிவாள் இருக்கிறதா, குடிக்கும் பழக்கம் எப்படி என்பன அங்கே வர வேண்டும். பிரியும் முடிவு தெரிந்த அந்தச் சில நாட்கள்தான் மிக ஆபத்தானவை; பாதுகாப்பு அலுவலர் படிவம் 5-இல் பாதுகாப்புத் திட்டம் எழுத வேண்டும் என்று விதி சொல்வது அதற்காகத்தான். பெரும்பாலும் அந்தப் படிவம் ஒப்புக்கு நிரப்பப்படுகிறது. எந்த நேரத்தில் வீட்டை விட்டு இறங்குவது, சான்றிதழ்கள் யாரிடம் இருக்கும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் அழைப்பது என்பதுதான் அதில் இருக்க வேண்டும்.

மனுவில் என்ன கேட்பது என்பதற்கு வருவோம். "எதிர்மனுதாரர் மனுதாரரை எவ்விதத்திலும் துன்புறுத்தக் கூடாது என்று உத்தரவிட வேண்டும்." பெரும்பாலான மனுக்களில் இவ்வளவுதான். இதே வாசகம் ஆணையிலும் ஏறும். பிறகு அவன் தினமும் காலை அவள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். ஸ்டேஷனில் கேட்டால், "டீ குடிக்கிறது துன்புறுத்தலா?" என்பார்கள். அவர்கள் மேல் முழுப் பழியும் போட முடியாது. கையில் இருக்கும் ஆணையில் ‘டீக்கடை’ இல்லை.

இதையே இப்படிக் கேட்க வேண்டும்: முதலாம் எதிர்மனுதாரர், மனுதாரர் தற்போது வசிக்கும் இன்ன தெரு, இன்ன கதவு எண் வீட்டுக்கும் அந்தத் தெருவுக்கும், அவர் பணிபுரியும் இன்ன கடைக்கும் அதன் எதிர்ச் சாலைக்கும், மகன் படிக்கும் இன்ன பள்ளிக்கும், அவர் வழக்கமாகப் பேருந்து ஏறும் இன்ன நிறுத்தத்துக்கும் வரக் கூடாது, நேரிலோ, போனிலோ, வாட்ஸ்ஆப், முகநூல் வழியாகவோ, வேறு ஆள் மூலமாகவோ தொடர்புகொள்ளக் கூடாது, மனுதாரரின் தாய், தம்பி, அவருக்கு உதவி செய்பவர்கள் யாரையும் மிரட்டக் கூடாது, கூட்டுக் கணக்கிலிருந்து பணம் எடுக்கவோ, லாக்கரைத் திறக்கவோ, இன்ன சர்வே எண் வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. இவற்றில் ஒன்றும் அதிகப்படி அல்ல. 18-ஆம் பிரிவின் உட்பிரிவுகளிலேயே எல்லாம் இருக்கின்றன, வேறு எந்தச் செயலையும் குறிப்பிட்டுத் தடுக்கலாம் என்று கடைசி உட்பிரிவு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. மாஜிஸ்திரேட் ஒன்றிரண்டை மறுக்கலாம், மறுக்கட்டும். கேட்காததை அவரால் தர முடியாது.

முகவரி பற்றி ஓர் எச்சரிக்கை. மனுவில் எழுதும் முகவரி நோட்டீசோடு எதிர்த்தரப்புக்குப் போய்விடும். மறைவாகத் தங்கியிருப்பவர், கடிதப் போக்குவரத்துக்கு வக்கீல் அலுவலக முகவரியைக் கொடுப்பது நல்லது. காப்பகத்தில் இருப்பவர் விரும்பினால், அவர் அங்கே இருப்பதை எதிர்த்தரப்புக்குச் சொல்லக் கூடாது என்று விதியே இருக்கிறது. செல்போனில் லொகேஷன் பகிர்வு, பழைய கூகுள் கணக்கு, கணவன் நம்பருக்கு வரும் வங்கி ஓ.டி.பி. இவற்றையும் அன்றே மாற்ற வேண்டும். மறைத்த முகவரியை வங்கிக் குறுஞ்செய்தி காட்டிக்கொடுத்துவிடும்.

வீடு பற்றிய ஆணை தனி. "வீடு மாமனார் பெயரில், உனக்கு உரிமை இல்லை" என்ற பேச்சை உச்ச நீதிமன்றத்தின் 2020 அக்டோபர் தீர்ப்பு முடித்துவைத்தது: மாமனார், மாமியார் பெயரில் உள்ள வீடானாலும், அது குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம். அதே ஆண்டு டிசம்பரில், மூத்த குடிமக்கள் சட்டத்தை வைத்து மருமகளை வீதியில் இறக்குவதற்கும் உச்ச நீதிமன்றம் அணை போட்டது. கோட்டாட்சியரிடம் முதியோர் மனு ஒன்று போட்டு, உத்தரவு வாங்கி, மருமகளை வெளியேற்றும் உத்தி இன்னமும் உண்டு. அப்படி நோட்டீஸ் வந்தால் சும்மா இருக்காமல், டி.வி. மனு நிலுவையில் இருப்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதேசமயம் இந்த உரிமை வீட்டுக்குச் சொந்தம் கொண்டாடுவதும் அல்ல. மாமியாரின் முதுமையையும் நீதிமன்றம் பார்க்கும். கணவனை வீட்டை விட்டு வெளியேறச் சொல்லி 19-ஆம் பிரிவில் உத்தரவிடலாம், ஆனால் மாமியார் உட்பட எந்தப் பெண்ணையும் வெளியேறச் சொல்ல முடியாது. ஆக, மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கவே முடியாத நிலை என்றால், அதே தரத்தில் வேறு வீடு அல்லது அதற்கான வாடகை என்று கேட்பதே நடைமுறைக்கு உகந்தது.

வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால்? குடியிருப்பு ஆணை கையில் இருந்தும் பூட்டின் முன்னால் நிற்க நேரும். பூட்டைத் திறக்க ஆய்வாளர் உதவ வேண்டும், பாதுகாப்பு அலுவலர் உடனிருக்க வேண்டும் என்ற வாசகத்தை மனுவிலேயே சேர்த்துக் கேளுங்கள். போலீஸ் உதவிக்கு உத்தரவிட 19-ஆம் பிரிவிலேயே இடம் இருக்கிறது. அது ஆணையில் இல்லையென்றால் ஸ்டேஷன் "கோர்ட்டில் போய்க் கேளுங்கள்" என்று சொல்லும், மறுபடி ஒரு மனு, மறுபடி ஒரு வாய்தா.

நகை விஷயத்தில் "40 பவுன் நகையைத் திருப்பித் தர வேண்டும்" என்று ஒரே வரியில் எழுதினால் எதிர்த்தரப்பு "அப்படி எதுவும் இல்லை" என்று ஒரே வரியில் முடிக்கும். பட்டியல் போட வேண்டும்: நெக்லஸ் 4 பவுன், வளையல் ஒரு ஜோடி 3 பவுன், ஆரம் 6 பவுன் என்று. பக்கத்தில் கடை ரசீது எண், ரசீது இல்லாதவற்றுக்குக் கல்யாண ஆல்பத்தில் எந்தப் படத்தில் தெரிகிறது, யார் போட்டது. ஆதார், ரேஷன் கார்டு, மாற்றுச் சான்றிதழ், பாஸ்போர்ட், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இவற்றையும் தனியே பட்டியலிட வேண்டும். உடனடியாக வேண்டியவை இவைதான், நகை அல்ல.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. உச்ச நீதிமன்றத்தின் 2020 நவம்பர் தீர்ப்புப்படி இரு தரப்பும் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். மனுதாரர் அதைத் தாக்கல் செய்யத் தாமதித்தால் அவருடைய இடைக்காலத் தொகைதான் தள்ளிப்போகும். தொகை மனு போட்ட தேதியிலிருந்து கிடைக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு சொல்கிறது. கணவன் சம்பளக்காரன் என்றால், அதை நேரடியாக அவன் நிறுவனமே கட்ட வேண்டும் என்று 20-ஆம் பிரிவில் உத்தரவு கேட்கலாம். அதற்கு நிறுவனத்தின் சரியான பெயரும், அரசு ஊழியர் என்றால் சம்பளம் வழங்கும் அலுவலரின் பதவிப் பெயரும் வேண்டும். பாக்கியை வசூலிக்கும் மனுவை, தொகை சேர வேண்டிய தேதியிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். "எல்லாம் சேர்ந்து மொத்தமாகக் கேட்கலாம்" என்று இரண்டு மூன்று ஆண்டு சும்மா இருப்பவர்கள் பழைய மாதங்களை இழக்கிறார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஜீவனாம்சப் பணம் கட்டாததை 31-ஆம் பிரிவுக் குற்றமாகப் பார்க்க முடியாது என்று சில உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அந்தப் பிரிவில் ‘பாதுகாப்பு ஆணை’ என்ற சொல்தான் இருக்கிறது என்பது அவர்கள் காரணம். அதனால் வீட்டை விட்டு விரட்டக் கூடாது, மின் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது, சாமான்களை அப்புறப்படுத்தக் கூடாது என்பவற்றை 19-ஆம் பிரிவில் மட்டும் கேட்காமல் 18-ஆம் பிரிவின் கீழும் ஒருமுறை கேட்டுவைப்பது விவரமான வேலை. ஆணையை நிறைவேற்றுவதை யாராவது எதிர்த்துத் தடுத்தால் அதையே பாதுகாப்பு ஆணை மீறலாகக் கருத வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு விதிகளில் 15-ஆவது விதி சொல்கிறது. இது வக்கீல்களுக்கே பல நேரம் நினைவுக்கு வருவதில்லை.

நோட்டீசை எதிர்த்தரப்பிடம் சேர்ப்பதில், அதாவது சார்வு செய்வதில், ஆகும் தாமதம் பெரிய தலைவலி. சட்டம் பாதுகாப்பு அலுவலருக்கு இரண்டு நாள் கொடுக்கிறது. முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்பது சட்டத்தின் எண்ணம். நடப்பது எப்படி என்று நீதிமன்றப் படியேறியவர்களுக்குத் தெரியும். ஆள் இல்லை, கதவு பூட்டியிருக்கிறது என்று நோட்டீஸ் திரும்பினால் விடக் கூடாது. அந்த இடத்தில் அப்போது பொறுப்பில் இருக்கும் யாரிடமும் கொடுக்கலாம், முடியாவிட்டால் வீட்டில் எல்லாருக்கும் தெரியும் இடத்தில் ஒட்டலாம், அவன் வேலை பார்க்கும் இடத்திலும் கொடுக்கலாம் என்று 12-ஆவது விதி வழி காட்டுகிறது. அடுத்த வாய்தாவில் "சார்வு ஆகவில்லை" என்று குறிப்பெழுதுவதற்குள் ஒட்டிச் சார்வு செய்ய அனுமதி கேட்டுவிட வேண்டும். எதிர்மனுதாரரைக் கைதியைப் போல நடத்தும் வழக்கும் சில இடத்தில் உண்டு. 12-ஆம் பிரிவு நடவடிக்கை உரிமையியல் தன்மை கொண்டது, சம்மன் அல்ல நோட்டீஸ்தான் அனுப்ப வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் விளக்கியது. இது பெண்ணுக்கும் நல்லதே. அவன் வராவிட்டால் வாரண்டுக்காக வாய்தா வாய்தாவாகக் காத்திருக்காமல் ஒருதலையாக ஆணை கேட்கலாம்.

ஆணை கிடைத்துவிட்டது. அதோடு வேலை முடிந்தது என்று எண்ணுவதுதான் இரண்டாவது பெரிய தவறு. 24-ஆம் பிரிவுப்படி நகல் இரு தரப்புக்கும், அந்த எல்லைக் காவல் நிலையத்துக்கும் இலவசமாகப் போக வேண்டும். போகும் என்று நம்பியிருக்கக் கூடாது. கையில் குறைந்தது ஐந்து நகல் வைத்திருக்க வேண்டும்: ஒன்று ஸ்டேஷனுக்கு, ஒன்று பாதுகாப்பு அலுவலருக்கு, ஒன்று பள்ளித் தலைமையாசிரியருக்கு, ஒன்று வேலையிடத்துக் காவலாளிக்கு, ஒன்று தன் கைப்பையில். ஸ்டேஷனில் கொடுக்கும்போது உங்கள் நகலில் பெற்றுக்கொண்ட தேதியும் முத்திரையும் வாங்குங்கள். எந்த ஸ்டேஷன் என்பதையும் கவனியுங்கள். எல்லாரும் மகளிர் காவல் நிலையத்தில் மட்டும் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இரவு பதினோரு மணிக்குக் கதவைத் தட்டும்போது முதலில் வரப்போவது உங்கள் தெரு இருக்கும் எல்லையின் சட்டம் ஒழுங்கு ஸ்டேஷன் ரோந்து வண்டி. அவர்களிடம் ஆணை இல்லையென்றால், "காலையில் மகளிர் ஸ்டேஷனுக்கு வாங்க" என்பார்கள்.

மீறல் நடந்தால் புகார் எழுதும் விதம் முக்கியம். வீட்டுக் கதை முழுவதையும் கல்யாணத்திலிருந்து எழுதினால், படிக்கிற எழுத்தர் அதைக் குடும்பத் தகராறு என்று ஒதுக்கிவிடுவார். அரைப் பக்கம் போதும். இன்ன நீதிமன்றம், இன்ன வழக்கு எண், இன்ன தேதி ஆணை, அதன் இன்ன பத்தி இதைத் தடுக்கிறது, இன்ன தேதி, இன்ன மணிக்கு, இன்ன இடத்தில் அவர் இதைச் செய்தார், பார்த்தவர் இவர், ஆகவே 31-ஆம் பிரிவில் வழக்குப் பதிவு செய்யக் கோருகிறேன். ஆணை நகலை இணையுங்கள். "இது சிவில் மேட்டர்மா" என்ற பதில் வரும், அநேகமாக நிச்சயம். மனு உரிமையியல் தன்மை கொண்டது, மீறல் குற்றவியல் குற்றம். இந்த வித்தியாசத்தை ஸ்டேஷன்களில் இன்னும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. எஃப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்தால், அதே புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரம் என்றால் ஆணையருக்கு அனுப்பிவிட்டு, தபால் ரசீதோடு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் கொடுத்தாலும் போதும், அவர் அதை ஆணை நகலோடு மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

"நீதானே அவனை வீட்டுக்குக் கூப்பிட்டாய்?" இந்தக் கேள்வியில் நிறையப் பேர் வாயடைத்துப் போகிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டிருப்பார், கோயில் கொடைக்கு வரச் சொல்லியிருப்பார். 12-ஆவது விதியின் 4-ஆம் உட்பிரிவு இதற்கென்றே எழுதப்பட்டது போல இருக்கிறது: பெண்ணே அழைத்திருந்தாலும் தடை விலகிவிடாது, நீதிமன்றம் ஆணையை மாற்றும்வரை அது அப்படியே இருக்கும். இந்த வரியின் நகலையும் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

இலங்கைச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணைக்கு அதிகபட்சம் 12 மாதம். இங்கே இறுதி ஆணைக்குக் காலாவதி இல்லை, பெண்ணே ரத்து கேட்கும்வரை, அல்லது நீதிமன்றம் மாற்றும்வரை இருக்கும். ஆனால் இடைக்கால ஆணை மூல மனுவோடு கட்டப்பட்டது. இரண்டு வாய்தாவுக்குப் போகாமல் மனு தள்ளுபடியானால் ஆணையும் போயிற்று. ஸ்டேஷனில் காட்டும் தாள் செத்த தாள். சமரசத்திலும் இதே கண்ணி இருக்கிறது. "வாபஸ் வாங்கினால் சேர்ந்து வாழ்கிறேன்" என்று சொல்லி மனுவை எடுக்க வைப்பார்கள். சேர்ந்து வாழ விரும்பினால் வாழலாம், அதற்காக மனுவை வாபஸ் வாங்க வேண்டாம். சமரச நிபந்தனைகளையே நீதிமன்ற ஆணையாகப் பதிவு செய்யக் கேட்கலாம்.

சாட்சியத்தில் அதிகம் கைவிடுவது அரசு மருத்துவமனை விபத்துப் பதிவேடு. கணவன் அல்லது மாமியார் பக்கத்தில் நிற்கும்போது "மாடிப்படியில் விழுந்தேன்" என்று சொன்னால் டாக்டர் அதைத்தான் எழுதுவார். பிறகு மாற்ற முடியாது. டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். வாட்ஸ்ஆப் மிரட்டலுக்கு ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது, செய்தி வந்த போனை விற்காமல், ரீசெட் செய்யாமல் வைத்திருக்க வேண்டும். மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் கொடுக்கும் கட்டத்தில் அந்தப் போன் தேவைப்படும்.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், மாவட்டம் மட்டுமல்ல, வட்ட அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை அடையாளம் கண்டு நியமிக்க மாநிலங்களுக்கு ஆறு வாரம் கொடுத்தது. உங்கள் வட்டத்தில் அவர் யார் என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், அதுவே ஒரு பரிசோதனை. அவர் பெயரும் எண்ணும் ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் டி.வி. ஆணைகளுக்கென்று ஒரு பதிவேடு வைத்து, இரவுப் பணிக்கு வருபவர் அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், ஒரு நோட்டும் ஒரு சுற்றறிக்கையும் போதும்.

உங்கள் நிருபர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை "எழுதி வாங்கி அனுப்பினர்" என்ற வரியை எழுதும் முன் ஸ்டேஷனில் நான்கு கேள்வி கேளுங்கள்: அந்தப் பெண்ணை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கோ பாதுகாப்பு அலுவலரிடமோ அனுப்பினீர்களா? ஆணை இருந்ததா? இருந்தால் நகல் எந்தத் தேதியில் இங்கே வந்தது? மீறியதாகப் புகார் வந்தபோது 31-ஆம் பிரிவில் வழக்குப் போட்டீர்களா? அந்தப் பதில்களையும், கீழே பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112, சட்ட உதவிக்கு 15100 என்ற மூன்று எண்களையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
இலவச சட்ட உதவிப் பணியில் உள்ள வழக்கறிஞர்கள் இருவர்,
மதுரை